வெள்ளை முகம், மை தாடி, எச்சில் தெறிக்கும் பேச்சு: ஆஸ்திரேலியா கொண்டாடிய 'மோ' யார்?

'பர்லெஸ்க்'னு இன்று இணையத்தில் தேடினால் இறகு விசிறியும் கவர்ச்சி நடனமும்தான் வந்து நிற்கும். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னாடி சிட்னியிலும் மெல்போர்னிலும் அது வேற விஷயம். மேட்டுக்குடிப் பேச்சு, சீரியஸ் நாடகம், பெரிய மனுஷத்தனம் என எதையும் விட்டுவைக்காமல் கிண்டலடிக்கும் மேடை அது. பாட்டு, டான்ஸ், நடுவில் காமெடி என்று போகும். உழைக்கும் மக்கள் நிறையவே வந்தார்கள்.

அந்த மேடையின் ராஜா, 'மோ' என்கிற ராய் ரெனே.

அப்படி என்ன செய்தார்?

1891-ல் அடிலெய்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1916-ல் சிட்னியில் நாட் பிலிப்ஸுடன் 'ஸ்டிஃபி - மோ' ஜோடியாக மேடை ஏறினார். ஸ்டிஃபி சிட்னி தெருவின் அடாவடிப் பையன். மோவுக்கு முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, தாடைக்குக் கறுப்பு மையில் தாடி. பேசினாலே எச்சில் தெறிக்கும்.

அவருடைய டெக்னிக் சிம்பிள். ரொம்ப அப்பாவியாக ஒரு வரி சொல்வார். கூட்டம் அதை இன்னொரு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு சிரிக்கும். உடனே மோ அதிர்ச்சியாகி முறைப்பார். 'தப்பா நினைச்சது நீங்க, நான் இல்லை' என்கிற மாதிரி! வசனத்தில் பாதிதான் அவருடையது. மீதியை ஜனங்களே மனசுக்குள் எழுதிக்கொள்வார்கள். ரசிகனையும் குற்றத்தில் கூட்டுச் சேர்ப்பதுதான் இந்த நாடகத்தின் ருசி.

சினிமாவில் என்ன ஆச்சு?

1934-ல் கென் ஜி. ஹால் இயக்கத்தில் 'ஸ்ட்ரைக் மீ லக்கி' படத்தில் நடித்தார். எடுபடவில்லை. காரணம் புரியாததல்ல: கேமரா திருப்பிச் சிரிக்காதே! பிறகு 1940-களில், எதிரே கூட்டத்தை உட்கார வைத்து நடத்திய ரேடியோ நிகழ்ச்சியில் அதே மோ பட்டையைக் கிளப்பினார்.

ஒரு நெருடலும் உண்டு. அந்த தாடி வேஷம், யூதர்களைக் கேலி செய்ய மேடைகளில் ஏற்கெனவே புழங்கிய ஒன்று. ஒரு யூதரே அதைப் போட்டுக்கொண்டது கேலியைத் திருப்பி அடிப்பதா, இல்லை அதற்கு விலைபோவதா? எனக்கு இரண்டுமே கலந்துதான் தெரிகிறது. ஆனால் மேடையில் கடைசிச் சிரிப்பை ஜெயித்தது பெரும்பாலும் மோதான்.

அத்தோடு முடிஞ்சுதா?

மோ 1954-ல் இறந்தார். 1956-ல் ஆஸ்திரேலியாவுக்கு டிவி வந்தது. 1893-ல் ஹாரி ரிக்கார்ட்ஸ் சிட்னியில் தொடங்கிய டிவோலி மேடைகள் 1966-ல் மூடப்பட்டன.

ஆனால் 1970-ல், வியட்நாம் போருக்கு இளைஞர்களைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்த்துக்கொண்டிருந்த நேரம். மைக்கேல் பாடியும் பாப் எல்லிஸும் 'தி லெஜண்ட் ஆஃப் கிங் ஓமாலி' என்ற நாடகத்தை சிட்னியில் போட்டார்கள். முதல் உலகப்போர் காலத்தில் கட்டாய ராணுவ சேர்ப்பை எதிர்த்த அரசியல்வாதியின் கதை. சீரியஸாகப் போடவில்லை. அதே பழைய பாட்டு, கூத்து, கிண்டலோடுதான் போட்டார்கள்.