புது ஈரலில் பழைய விருந்தாளி

ஆபரேஷன் வெற்றி. தையல் பிரித்தாகிவிட்டது, காமாலை வடிந்துவிட்டது, நோயாளி பசிக்கிறது என்கிறார். ஆனால் ஹெபடைடிஸ் சி வைரஸோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனவர் அதே வைரஸோடுதான் வெளியே வருகிறார். சுருங்கிப்போன கல்லீரலை எடுத்தெறிந்தாலும் ரத்தத்தில் சுற்றும் கிருமி, புது ஈரலில் ரத்தம் பாயத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே அங்கே குடியேறிவிடும்.

அடுத்தவர் உறுப்பை உடல் ஏற்க வேண்டுமானால் நோய் எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கிவைத்தாக வேண்டும். காவலாளியைத் தூங்கவைத்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்தான். சாதாரணமாக ஈரலைச் சுருக்க 20, 30 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் வைரஸ், மாற்று ஈரலில் பலருக்கு ஐந்தே ஆண்டுகளில் அந்தக் காரியத்தை முடித்தது.

டாக்டர்களைத் திணறடித்தது வேறொன்று. சில மாதங்கள் கழித்து ரத்தப் பரிசோதனையில் என்ஸைம்கள் எகிறும். புது உறுப்பை உடல் நிராகரிக்கிறதா, வைரஸ் தலைதூக்குகிறதா? ஊசியால் ஈரல் துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் சில சமயம் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நிராகரிப்பு என்றால் ஸ்டீராய்டு கொட்ட வேண்டும். வைரஸ் என்றால் அதே ஸ்டீராய்டு அதற்கு விருந்து. கணிப்பு தவறினால் ஈரல் போச்சு.

1990களிலும் அதற்குப் பிறகும் கையிலிருந்த முக்கிய ஆயுதமான இன்டர்ஃபெரான் ஊசி, எதிர்ப்பு சக்தியைத் தூண்டித்தான் வைரஸை விரட்டும். ஒரு கையால் அடக்கி மறு கையால் கிளறிவிடும் வைத்தியம்! வைரஸ் ஒழிந்துவந்த நேரத்தில் சிலருடைய உடல் புது ஈரலையே தாக்கத் தொடங்கியது. குணமானவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான்.

2013 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த சோஃபோஸ்புவிர் மாத்திரை கதையை மாற்றியது. வைரஸ் பெருகத் தேவையான என்ஸைமை அது முடக்குகிறது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதில்லை. வேறு மருந்துகளோடு சேர்த்து 12 அல்லது 24 வாரம் கொடுத்தால் மாற்று ஈரல் பெற்றவர்களிலும் பத்தில் ஒன்பது பேர் குணமாகிறார்கள். அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலருக்கு வந்தது. 2014 செப்டம்பரில் ஏழு இந்திய கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கிடைத்த பிறகு இங்கே விலை மளமளவெனச் சரிந்தது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஹெபடைடிஸ் சி மருந்துகள் இலவசம்.

ஆனாலும் மாத்திரை சாப்பிடும்போது டாக்டர் கண் அசரக் கூடாது. வைரஸ் விலகி ஈரல் தெம்பானால், எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸையும் அது வேகமாகக் கரைத்துவிடும். ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கினால் உடல் விழித்துக்கொண்டு உறுப்பை நிராகரிக்கலாம். அதனால் அந்த வாரங்களில் நோயாளி அடிக்கடி ரத்தம் கொடுத்து அளவைப் பார்த்துக்கொள்கிறார்.