ஆற்றின் மேல் ஏறி இறங்கும் கப்பல்கள்

பனாமா கால்வாய் அட்லாண்டிக், பசிபிக் என்னும் இரண்டு பெருங்கடல்களை இணைக்கிறது. ஆனால் ஒரு கடலின் நீர் அதன் வழியே மற்றக் கடலுக்கு ஓடுவதில்லை. அட்லாண்டிக் பக்கத்திலிருந்து வரும் கப்பல் மூன்று படிகளில் 26 மீட்டர் உயரம் ஏறி ஒரு நன்னீர் ஏரியை அடைகிறது. ஏரியைக் கடந்து, குன்றைப் பிளந்து வெட்டிய ஒடுக்கமான வழியில் சென்று, மறுபக்கத்தில் மூன்று படிகள் இறங்கிப் பசிபிக்கில் நுழைகிறது. மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர். எட்டு முதல் பத்து மணி நேரப் பயணம். கப்பலை ஏற்றுவதும் தாங்குவதும் இறக்குவதும் சாக்ரெஸ் என்ற ஆற்றின் தண்ணீர்.

நிலப்படத்தைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். பனாமா நாடு கிழக்கு மேற்காகப் படுத்த வாக்கில் வளைந்து கிடப்பதால், கால்வாய் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போகிறது. மேற்கே இருக்கும் பசிபிக்கை நோக்கிப் புறப்பட்ட கப்பல், நுழைந்த இடத்துக்குக் கிழக்கே போய் வெளியே வருகிறது.

இந்தக் கால்வாய் வருவதற்கு முன்பு நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் கடல்வழியே போக, தென் அமெரிக்காவின் கடைக்கோடி முனையைச் சுற்றியாக வேண்டும். அது 20,000 கிலோமீட்டருக்கும் அதிகமான பயணம். பனாமாவிலோ இரு கடல்களுக்கும் நடுவே இருந்தது ஒரு குறுகிய நிலப்பட்டை மட்டுமே. 1855இலேயே அங்கே ரயில் பாதை வந்துவிட்டது. ஒரு கடலில் சரக்கை இறக்கி, ரயிலேற்றி, மறு கடலில் வேறு கப்பலில் ஏற்றினார்கள். கப்பலையே கடத்திவிட முடியாதா என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை.

அதற்கு முதலில் துணிந்தவர் பிரான்சின் ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ். 1869இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயை முன்னின்று நடத்தி உலகப் புகழ் பெற்றவர். அவர் பொறியாளர் அல்லர். தூதரக அதிகாரியாக இருந்தவர். எகிப்தில் மணல், சமதரை, மழையின்மை எல்லாம் அவருக்குத் துணை நின்றன. கடல் மட்டத்தில் நேராக வெட்டிக்கொண்டே போனது அங்கே போதுமானதாக இருந்தது. பனாமாவுக்கும் அதே முறை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பனாமாவில் ஆண்டுக்கு எட்டு மாதம் மழை. கரீபியக் கரையோரத்தில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். குறுக்கே மலைத்தொடர். அதைவிடப் பெரிய தடை சாக்ரெஸ் ஆறு. வெட்ட நினைத்த பாதையை அது வளைந்து வளைந்து பல இடங்களில் குறுக்கிட்டது. மழை பெய்தால் ஒரே இரவில் பல மீட்டர் உயர்ந்துவிடும். கடல் மட்டத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் இந்த ஆறு மேலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு லெசெப்ஸின் திட்டத்தில் சரியான விடை இல்லை.

விடை வைத்திருந்த ஒருவர் இருந்தார். 1879இல் பாரிஸில் கூடிய மாநாட்டில் கோதன் டி லெப்பினே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் எழுந்து, ஆற்றோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், அதற்குக் குறுக்கே அணை கட்டி ஏரியாக்குங்கள், கப்பலை ஏரிக்கு ஏற்றி இறக்குங்கள் என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போது 73 வயதாகியிருந்த லெசெப்ஸின் பேச்சுக்குத்தான் கைதட்டல். லெப்பினே கடல்மட்டத் திட்டத்துக்கு எதிராக வாக்களித்துவிட்டுப் போனார். அவர் சொன்னதையே வேறொரு நாடு கால் நூற்றாண்டு கழித்துக் கையில் எடுத்தது.

1881இல் பிரெஞ்சு நிறுவனம் வேலையைத் தொடங்கியது. தோண்டிய மண் மழையில் கரைந்து திரும்பக் குழிக்குள் சரிந்தது. அதோடு மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் சேர்ந்துகொண்டன. இந்த நோய்கள் சதுப்பு நிலத்து நச்சுக்காற்றால் வருகின்றன என்பதே அந்தக் காலத்து மருத்துவம். பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மருத்துவமனை நல்ல மருத்துவமனைதான். எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தார்கள். தோட்டத்துச் செடிகளைச் சுற்றியும் தண்ணீர் கட்டினார்கள். கொசு முட்டையிட இதைவிட வசதியான இடம் கிடைக்காது. வேறு நோய்க்கு வந்து படுத்தவர்கள் காய்ச்சலில் செத்தார்கள். பணிகளின் தலைமைப் பொறுப்பேற்று வந்த ஜூல் டிங்லர் தம் மகளையும் மகனையும் மனைவியையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். பிரெஞ்சுக் காலத்தில் இறந்தவர்கள் சுமார் 22,000 பேர் என்று பிற்காலத்தில் மதிப்பிட்டார்கள்.

இறுதியில் லெசெப்ஸும் மனம் மாறி, ஈபிள் கோபுரம் கட்டிய குஸ்தாவ் ஈபிளையே, கப்பலை ஏற்றி இறக்கும் படித்தொட்டிகள் அமைக்க அமர்த்தினார். காலம் கடந்துவிட்டது. 1889இல் நிறுவனம் திவாலானது. அதில் பணம் போட்டிருந்த லட்சக்கணக்கான சிறு முதலீட்டாளர்கள் சேமிப்பை இழந்தார்கள். லஞ்ச வழக்குகள் பிரெஞ்சு அரசியலையே உலுக்கின.

1903இல் அமெரிக்காவின் ஆதரவோடு பனாமா கொலம்பியாவிலிருந்து பிரிந்தது. கால்வாய்ப் பகுதியின் உரிமையைப் புதிய நாட்டிடமிருந்து பெற்ற அமெரிக்கா, 4 கோடி டாலர் கொடுத்துப் பிரெஞ்சுக்காரர்களின் மிச்ச சொத்தை வாங்கி, 1904இல் வேலையைத் தொடங்கியது. முதல் ஆண்டு கிட்டத்தட்ட பழைய கதைதான். காய்ச்சல் பரவியது, ஆட்கள் கப்பலேறி ஓடினார்கள், முதல் தலைமைப் பொறியாளர் ஓராண்டிலேயே விலகினார்.

அடுத்து வந்த ஜான் ஸ்டீவன்ஸ் ரயில் பாதைகள் போட்டுப் பழகியவர். 1905இல் வந்ததும் அவர் தோண்டும் வேலையை நிறுத்தச் சொன்னார். அமெரிக்கப் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் மண் பறப்பதைப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும். குடியிருப்பு, குடிநீர்க் குழாய், சாக்கடை, உணவு, ரயில் ஆகியவை முதலில். மண் பிறகு என்றார். மருத்துவ அதிகாரி வில்லியம் கார்கஸ் கேட்டதையெல்லாம் கொடுத்தார்.

மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே 1881இலேயே சொல்லியிருந்தார். வால்டர் ரீடின் குழு 1900இல் ஹவானாவில் அதை உறுதி செய்தது. மலேரியாவைப் பரப்புவதும் கொசுவே என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் 1897இல் நம் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். இந்த அறிவோடு ஹவானாவைத் துப்புரவாக்கியவர் கார்கஸ். பனாமாவில் அவருடைய ஆட்கள் வீடு வீடாகப் போய்க் கந்தகப் புகை போட்டார்கள். தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி வலை அடித்தார்கள். குழாய்த் தண்ணீர் வந்ததால் வாசலில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் வழக்கம் ஒழிந்தது. பனாமா நகரத்தில் மஞ்சள் காய்ச்சலால் கடைசி மரணம் நிகழ்ந்தது 1905 நவம்பரில். மலேரியா முற்றாக ஒழியவில்லை, ஆனால் அடங்கியது. கால்வாயின் பெருமையைப் பொறியாளர்களுக்கு மட்டும் கொடுப்பது நியாயமில்லை.

எப்படிப்பட்ட கால்வாய் என்ற கேள்வி அப்போதும் தீரவில்லை. அமெரிக்க அரசு அமைத்த ஆலோசனைக்குழுவின் பெரும்பான்மை கடல் மட்டத்தையே விரும்பியது. சாக்ரெஸின் வெள்ளத்தைக் கண்ணால் பார்த்திருந்த ஸ்டீவன்ஸ் வாஷிங்டனுக்குப் போய் வாதாடினார். 1906இல் அமெரிக்க செனட் 36க்கு 31 என்ற வாக்கில் படித்தொட்டிக் கால்வாயைத் தேர்ந்தெடுத்தது. ஐந்து வாக்கு வித்தியாசம்! மறுஆண்டே ஸ்டீவன்ஸ் விலகினார். ராணுவப் பொறியாளர் ஜார்ஜ் கோத்தல்ஸ் பொறுப்பேற்றுக் கடைசிவரை நடத்தினார்.

காத்தூன் என்ற இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே மண் அணை எழும்பியது. நீளம் 2.3 கிலோமீட்டர், அடித்தளத்தின் அகலம் சுமார் 800 மீட்டர். அணை என்பதைவிட மனிதர் செய்த குன்று என்றே அதைச் சொல்லலாம். பின்னால் தேங்கிய ஏரி 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. அன்றைய உலகில் மனிதர் உண்டாக்கிய ஏரிகளில் மிகப் பெரியது. ஊர்களும் பழைய ரயில் பாதையும் மூழ்கின. குன்றுகளின் உச்சிகள் தீவுகளாயின. அப்படித் தீவான பாரோ கொலராடோ, பின்னர் வெப்பமண்டலக் காடுகளை ஆராயும் நிலையமானது. பிரெஞ்சுக்காரர்களை விரட்டிய ஆறு இப்போது கால்வாயின் பெரும்பகுதியைத் தானே நிரப்பிக்கொடுத்தது.

மலைத்தொடரை வெட்டும் வேலைக்கு மாற்று வழி இல்லை. குலேப்ரா வெட்டு எனப்படும் அந்தப் பகுதி 13 கிலோமீட்டருக்கும் அதிக நீளம். கடல் மட்டத்திலிருந்து 64 மீட்டர் உயரமிருந்த கணவாயை 12 மீட்டருக்கு இறக்க வேண்டும். டைனமைட் வைத்துப் பாறையை உடைத்தார்கள். நீராவியில் இயங்கும் பெரிய இயந்திரங்கள் அதை அள்ளி ரயில் பெட்டிகளில் போட்டன. அள்ளுவதைவிட அப்புறப்படுத்துவதுதான் கடினம் என்பதை ரயில்காரரான ஸ்டீவன்ஸ் முன்பே கணித்து, இரட்டைத் தண்டவாளம் போட்டு வைத்திருந்தார். திறந்த பெட்டிகள் 20 கொண்ட வண்டியில், ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கலப்பை போன்ற ஒரு தகட்டைக் கம்பிவடத்தால் இழுத்தால், மொத்த மண்ணும் பத்து நிமிடத்தில் பக்கவாட்டில் சரிந்துவிடும். அந்த மண்ணும் வீணாகவில்லை. அதைக் கொண்டு பசிபிக் கரையில் அலைதடுப்புச் சுவர் கட்டிக் கடலைத் தூர்த்தார்கள்.

ஆனாலும் மலை சரிந்துகொண்டே இருந்தது. மழையில் ஊறிய களிமண் பாறைமேல் வழுக்கி, மாதக்கணக்கில் தோண்டியதை ஒரே நாளில் மூடிவிடும். சில இடங்களில் இருபக்கச் சுவர்களின் பாரம் அழுத்தியதில் வெட்டின் அடித்தரையே மேலே உப்பி எழுந்தது. சரிவைக் குறைத்து மேலும் மேலும் அகலமாக வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 1908 டிசம்பரில் பாஸ் ஒபிஸ்போ என்ற இடத்தில் நேரத்துக்கு முன்பே டைனமைட் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இந்த வேலைகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் கரீபியத் தீவுகளின் கறுப்பினத் தொழிலாளர்கள். பார்படோஸ் என்ற சின்னத் தீவிலிருந்து மட்டும் சுமார் 20,000 பேர் வந்தார்கள். வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்க நாணயத்திலும் இவர்களுக்கு வெள்ளி நாணயத்திலும் கூலி. சாப்பாட்டுக்கூடம், மருத்துவமனை வார்டு, அஞ்சலக வரிசை வரை 'தங்கம்', 'வெள்ளி' என்று பிரிவினை ஊடுருவியிருந்தது. கொசுவலை அடித்த நல்ல வீடுகள் முதலில் தங்கப் பட்டியலுக்கே போயின. அமெரிக்கக் காலத்தில் பதிவான இறப்புகள் 5,609. அதில் சுமார் 4,500 பேர் கரீபியர்கள், அமெரிக்க வெள்ளையர் சுமார் 350 பேர்.

கப்பலை ஏற்றும் தொட்டிகளின் செயல்பாடு எளியது. ஒவ்வொரு தொட்டியும் 305 மீட்டர் நீளம், 33.5 மீட்டர் அகலம் கொண்ட கான்கிரீட் பெட்டி. கப்பல் உள்ளே வந்ததும் பின்கதவு மூடும். மேலே உள்ள ஏரியின் நீர், சுவருக்குள் செல்லும் பெருங்குழாய்கள் வழியாக அடித்தரையில் உள்ள துளைகளில் பொங்கி நிரப்பும். கப்பல் மிதந்தபடியே உயரும். அடுத்த தொட்டியின் மட்டத்துக்கு நீர் வந்ததும் முன்கதவு திறக்கும். இறங்கும்போது இதே நீர் கீழே வடிந்து கடைசியில் கடலில் சேரும். எங்கும் பம்பு கிடையாது. மேட்டு நீர் பள்ளத்துக்குப் பாய்வது ஒன்றே விசை. கதவுகள் 25 மீட்டர் வரை உயரமும் 2 மீட்டர் கனமும் கொண்ட எஃகு இரட்டைகள். உட்புறம் கூடாக இருப்பதால் அவை ஓரளவு மிதக்கின்றன. ஆகவே சிறிய மோட்டாரே அவற்றைத் திருப்பப் போதும். இரண்டும் ஆங்கில 'வி' வடிவில் ஏரிப்பக்கம் பார்த்து மூடுவதால், நீரின் அழுத்தமே அவற்றை இறுக்குகிறது. மோட்டாருக்கான மின்சாரத்தையும் காத்தூன் அணையில் விழும் சாக்ரெஸ் நீரே தயாரித்துக் கொடுத்தது.

1914 ஜனவரி 7 அன்று முதன்முதலில் கால்வாயை முழுவதும் கடந்தது ஒரு பழைய பாரந்தூக்கிப் படகு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது அது! ஆகஸ்ட் 15 அன்று 'ஆன்கான்' என்ற கப்பல் முறைப்படித் திறந்துவைத்தது. ஐரோப்பாவில் உலகப்போர் தொடங்கியிருந்த நேரமென்பதால் பெரிய கொண்டாட்டம் எதுவும் இல்லை. 1977 ஒப்பந்தத்தின்படி 1999 டிசம்பர் 31 அன்று கால்வாய் பனாமா நாட்டின் கைக்கு வந்தது.

பழைய தொட்டிகளில் நுழைய முடியாத அளவுக்குக் கப்பல்கள் பெருத்துவிட்டதால், 2016இல் 427 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம் கொண்ட புதிய தொட்டிகள் திறக்கப்பட்டன. அவற்றின் அருகே பக்கக் குளங்கள் உள்ளன. ஒருமுறை பயன்படுத்திய நீரில் 60 விழுக்காட்டை அவை பிடித்துவைத்து மறுபடி தருகின்றன. இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. பழைய தொட்டிகள் வழியாக ஒரு கப்பல் கடந்தால் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. பனாமா மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குடிநீர் தருவதும் கால்வாய்க்கு நீர் தரும் ஏரிகள்தான்.

2023இல் மழை பொய்த்தது. நாளொன்றுக்கு வழக்கமாக 36 கப்பல்கள் வரை கடக்கும் கால்வாயில் ஆண்டு முடிவதற்குள் அந்த எண்ணிக்கையை 22 ஆகக் குறைக்க வேண்டியதாயிற்று. கடலில் கப்பல்கள் வரிசை கட்டி நின்றன. சில, சூயஸ் வழியாகச் சுற்றிப் போயின. மறுஆண்டு மழை வந்து நிலைமை சீரானது. என்றாலும் அடுத்த வறட்சியை எண்ணி, பக்கத்திலுள்ள இந்தியோ ஆற்றில் இன்னோர் அணை கட்டிச் சுரங்கம் வழியே காத்தூன் ஏரிக்கு நீர் கொண்டுவரக் கால்வாய் நிர்வாகம் திட்டமிட்டிருக்கிறது. அணை வந்தால் மூழ்கப்போகும் கிராமங்களின் மக்கள் அதை எதிர்க்கிறார்கள்.