அரபு மேடையில் ஈடிப்பஸ்

எகிப்திய எழுத்தாளர் தவ்ஃபீக் அல் ஹகீம் (1898–1987) ‘அல் மலிக் ஊதீப்’ (மன்னன் ஈடிப்பஸ்) என்னும் நாடகத்தை 1949ஆம் ஆண்டில் வெளியிட்டார். கிரேக்கக் கவிஞர் சோஃபோக்ளிஸ் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னர் எழுதிய துன்பியல் நாடகத்தை அரபு மொழியில் மறுபடைப்புச் செய்யும் முயற்சி அது. நாடகத்திற்கு முன்னால் நீண்டதொரு முன்னுரையும் உண்டு. அம்முன்னுரை எழுப்பும் வினா, அரபு இலக்கியம் பயில்வோர் எவரும் என்றேனும் ஒருநாள் எதிர்கொண்டே தீர வேண்டிய வினா. கிரேக்கரின் தத்துவத்தையும் தர்க்கத்தையும் மருத்துவத்தையும் வாரி எடுத்துக்கொண்ட நம் முன்னோர், அவர்தம் நாடகத்தை மட்டும் தொடாமல் விட்டது ஏன்?

ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்ற மாபெரும் மொழிபெயர்ப்பாளர்கள் வாழ்ந்த பக்தாதில் சோஃபோக்ளிஸை அரபியாக்கியவர் எவருமில்லை. இந்த இடைவெளியின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். அரிஸ்டாட்டிலின் கவிதையியல் நூலை அபூ பிஷ்ர் மத்தா (இறப்பு கி.பி. 940) சிரியாக் மொழிவழி அரபியில் தந்தார். துன்பியல் நாடகத்தைக் குறிக்கும் சொல்லுக்கு அவர் இட்ட பெயர் ‘மதீஹ்’, அதாவது புகழ்ப்பா. இன்பியல் நாடகத்திற்கு ‘ஹிஜா’, அதாவது வசைப்பா. அரிஸ்டாட்டிலுக்கு விரிவுரை கண்ட பேரறிஞர் இப்னு ருஷ்தும் (1126–1198) இந்தப் பெயர்களையே அடியொற்றி, அரபுக் கவிதைகளைக் கொண்டே அந்நூலை விளக்கினார். அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. மேடையையே கண்டிராத ஒரு சமூகத்தில் மேடையின் இலக்கணம் மட்டும் வந்து சேர்ந்தால் வேறென்ன நிகழும்?

மார்க்கம் தடுத்தது என்பது பலரும் எளிதாகச் சொல்லிவிடும் விடை. அல் ஹகீம் அதை ஏற்கவில்லை. அபூ நுவாஸின் மதுப் பாடல்கள் உலவிய காலம் அது. இஸ்லாத்திற்கு முந்தைய பாரசீக மன்னர்களின் கதைகளைச் சொல்லும் ஷாநாமாவும் பின்னாளில் அரபியாக்கப்பட்டதே என்று அவர் நினைவூட்டுகிறார். அவருடைய விடை வேறு: கிரேக்க நாடகம் நடிப்பதற்கென்றே எழுதப்பட்டது, ஏட்டில் மட்டும் கண்ட மொழிபெயர்ப்பாளனுக்கு அது புராணப் பெயர்கள் மண்டிய புரியாத உரையாடலாகவே தோன்றியிருக்கும். இதுவரை அவருடன் உடன்படலாம். ஆனால், நிலையான அரங்கு எழுப்ப இயலாத பாலைநில நாடோடி வாழ்வையும் அவர் காரணமாக்குவது பொருந்தவில்லை. பக்தாதும் குர்துபாவும் கூடாரங்களின் ஊர்கள் அல்லவே! கூத்துக்கலையே நம்மிடம் இல்லாதிருந்தது என்பதும் சரியன்று. கெய்ரோவில் வாழ்ந்த கண் மருத்துவர் இப்னு தானியால் (1248–1310) எழுதிய மூன்று நிழற்கூத்துகள் இன்றும் கிடைக்கின்றன.

இனி நாடகத்திற்கு வருவோம். சோஃபோக்ளிஸின் கதை இது. பிறக்கும் மகன் தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்று தெய்வவாக்கு கூறியதால், தீப்ஸ் நகர மன்னன் லாயுஸ் குழந்தையைக் கொல்லுமாறு ஆணையிடுகிறான். குழந்தை எப்படியோ பிழைத்து, கொரிந்த் அரண்மனையில் வளர்கிறது. வளர்ந்த ஈடிப்பஸ் வழியில் எதிர்ப்பட்ட முதியவர் ஒருவரைக் கொல்கிறான். ஸ்ஃபிங்க்ஸ் என்னும் கொடிய விலங்கின் விடுகதைக்கு விடை சொல்லி ஊரைக் காக்கிறான். அரசியை மணந்து அரசனாகிறான். இவையெல்லாம் நாடகம் தொடங்குமுன்பே முடிந்துவிட்டவை. மேடையில் நிகழ்வது விசாரணை மட்டுமே. ஊரைக் கொள்ளைநோய் வாட்ட, அதற்குக் காரணமான கொலையாளியைத் தேடும் மன்னன், ஒரே நாளுக்குள் தன்னையே கண்டடைகிறான். நற்செய்தியுடன் கொரிந்திலிருந்து வந்த தூதனின் சொல்லே பேரழிவுக்கு வழிதிறக்கிறது. கதைப்போக்கு இவ்வாறு தலைகீழாவதற்கு அரிஸ்டாட்டில் காட்டும் சான்றும் இக்காட்சியே. கொலையும் தற்கொலையும் பார்வையாளர் கண்முன் நிகழ்வதில்லை. வந்து சொல்பவரின் வாய்மொழியாகவே அறியப்படுகின்றன. ஊராரின் குரலாக நின்று அஞ்சியும் இரங்கியும் பாடுவது கோரஸ் என்னும் குழு.

அல் ஹகீம் இந்த உறுப்புகளுள் பெரும்பாலானவற்றைக் காத்துக்கொண்டார். ‘ஜவ்கா’ என்ற பெயரில் கோரஸ் நிற்கிறது. கொரிந்து முதியவரும் ஆட்டிடையனும் வருகிறார்கள். கொள்ளைநோயும் விசாரணையும் உண்டு. எனினும் தொடக்கமே மாறியிருக்கிறது. சோஃபோக்ளிஸில் திரை விலகும்போது நாம் காண்பது மன்றாடி நிற்கும் மக்கள் கூட்டம். அரபு நாடகத்திலோ ஒரு வீடு; மனைவி மக்கள் சூழ ஈடிப்பஸ். அப்பா அந்த விலங்கை வென்ற கதையைக் கேட்க மகள் ஆண்டிகனிக்கு அடங்காத ஆசை. குடும்பத்தின் இந்தப் பிணைப்புதான் பின்னர் அறுபடப்போகிறது.

பெரிய மாற்றம் அடுத்து வருகிறது. மகள் கேட்டு மகிழும் அந்த வீரக்கதை பொய்! ஸ்ஃபிங்க்ஸ் என்று ஒன்றுமே இருந்ததில்லை. ஈடிப்பஸ் கொன்றது ஒரு சாதாரணச் சிங்கத்தை. விடுகதையையும் விடையையும் புனைந்து, அவனை வீரனாக்கி அரியணையில் அமர்த்தியவன் பார்வையற்ற தைரேசியஸ். கிரேக்க நாடகத்தில் அவன் தெய்வத்தின் வாய். இங்கோ அரசியல் சூழ்ச்சிக்காரன். லாயுஸின் வாரிசுரிமையை ஒழித்து, அயலான் ஒருவனை அரசனாக்கவே குழந்தையைக் கொல்லச் சொன்னவனும் அவனே. மனித விருப்பமே எல்லாவற்றையும் ஆளும் என்பது அவன் நம்பிக்கை. ஆனால் அவன் தேடிப்பிடித்த அயலான்தான் லாயுஸின் மகன்! எந்த வாரிசை விலக்க அத்தனை பாடுபட்டானோ, அதே வாரிசைத் தன் கையாலேயே அரியணையில் ஏற்றியிருக்கிறான்.

இம்மாற்றத்தின் நோக்கம் தெளிவு. பிறக்குமுன்பே ஒரு குழந்தைக்குப் பெரும்பாவத்தை விதித்து, பிறகு அதற்காகவே அதைத் தண்டிக்கும் தெய்வங்களை முஸ்லிம் உள்ளம் ஏற்காது. அல்லாஹ் அநீதி இழைப்பவன் அல்லன் என்பது நம் அகீதாவின் அடிப்படை. கத்ர் எனும் இறைநியதி வேறு, கிரேக்கரின் விதி வேறு. முன்னது அறிவும் நீதியும் உடையவனின் ஏற்பாடு. பின்னதற்குக் காதும் இல்லை, கருணையும் இல்லை. அல் ஹகீம் தெய்வங்களின் பகைமையை நீக்கிவிட்டார். ஆயினும் மனிதன் இப்பிரபஞ்சத்தில் தனித்தவன் அல்லன் என்னும் உணர்வை நீக்கவில்லை. அவ்வுணர்வின்றித் துன்பியல் நாடகமே இல்லை என்பது அவர் துணிபு.

வியப்பு என்னவெனில், 1949இலேயே மற்றோர் அரபு ஈடிப்பஸும் வெளிவந்தது. இந்தோனேசியாவின் சுரபாயாவில் ஹள்ரமிக் குடும்பத்தில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த அலீ அஹ்மத் பாகஸீர் (1910–1969) எழுதிய ‘மஃஸாத் ஊதீப்’ அது. அதில் குற்றவாளி கோயிலின் தலைமைப் பூசாரி. தைரேசியஸோ உண்மை விசுவாசி. கொள்கைத் தெளிவில் பாகஸீர் முந்துகிறார். ஆனால் பழியெல்லாம் ஒரு கயவன் தலையில் விழுந்தபின் பார்வையாளனுக்கு எஞ்சுவது சினமே. அச்சமும் இரக்கமும் மெலிந்துவிடுகின்றன.

அல் ஹகீமுக்கும் இந்த இழப்பு ஓரளவு உண்டு. ஸ்ஃபிங்க்ஸ் போனதும் கதையின் பழைய திகில் பாதி போய்விட்டது. அதை ஈடுசெய்வது மூன்றாம் அங்கம். உண்மை வெளிப்பட்டபின் சோஃபோக்ளிஸின் ஈடிப்பஸுக்கு யோகாஸ்டாவுடன் பேச ஒரு கணமும் இல்லை. அவன் உள்ளே ஓடும்போது அவள் இறந்துகிடக்கிறாள். அல் ஹகீமோ இருவரையும் பேச வைக்கிறார். தாங்கள் வாழ்ந்த பதினேழு ஆண்டு இல்லறமும் பெற்ற மக்களும் மெய். அந்த வாழ்வை விட்டுவிட வேண்டாம் என்று அவன் மன்றாடுகிறான். அவளால் இயலவில்லை. வாகிஃ, ஹகீகா, அதாவது வாழ்ந்த நடப்பு, அறிந்த உண்மை என்னும் இரண்டின் போர் இது என்று அல் ஹகீமே முன்னுரையில் குறிப்பிட்டு, சூரா கஹ்ஃபை அடியொற்றித் தாம் 1933இல் வெளியிட்ட ‘அஹ்லுல் கஹ்ஃப்’ நாடகத்துடன் இதை இணைக்கிறார். அங்கே குகையிலிருந்து எழுந்துவந்த மிஷ்லீனியாவுக்கும் பிரிஸ்காவுக்கும் நடுவில் நின்றது மூன்று நூற்றாண்டுக் காலம். இங்கே நடுவில் நிற்பது ஒரு சொல்.

ஈடிப்பஸின் மன்றாட்டைப் படித்து முகஞ்சுளித்த திறனாய்வாளர் பலர். சுளிப்பு நியாயமானதே, அல் ஹகீமும் அதை நியாயப்படுத்தவில்லை என்றே கருதுகிறேன். உண்மையைத் தேடியே கொரிந்தை விட்டுப் புறப்பட்டவன் அவன். தைரேசியஸின் பொய்க்கு ஒருமுறை தலையசைத்துப் பல ஆண்டுகள் அதில் சுகமாக வாழ்ந்தபின், உண்மை வாசலுக்கு வந்தபோது அதை வெளியே நிறுத்திவைக்கக் கெஞ்சுகிறான். யோகாஸ்டா அறையின் கதவு மூடுகிறது. சோஃபோக்ளிஸில் போலவே, உள்ளே நடந்தவற்றைப் பணியாளின் வாய்மொழியாகவே ஜவ்கா கேட்டறிகிறது.