குறியீட்டைத் தட்டினால் விலை வரும்

பனியன் மொத்த வியாபாரத்தில் ஓர் ஆர்டரைப் பதிய சரக்கின் பெயர், சைஸ், எச்.எஸ்.என். எண் (பின்னல் பனியனுக்கு 6109), விலை, ஜி.எஸ்.டி. விகிதம் எல்லாம் வேண்டும். வாங்குபவர் சொல்வதோ சரக்கும் எண்ணிக்கையும்தான். மற்றவை விலைப்பட்டியலிலேயே இருக்கின்றன. சரக்கின் குறியீட்டைத் தட்டியதும் அவற்றை எக்செல் தாளே எடுத்து நிரப்புவதற்கு லுக்அப் ஃபார்முலாக்கள் உள்ளன. அவற்றில் ஒன்றான வி-லுக்அப் 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளிலேயே இருந்தது.

இதற்கு இரண்டு தாள்கள் போதும். ஒன்று விலைப்பட்டியல்: சரக்குக்கு ஒரு வரி, முதல் நெடுவரிசையில் குறியீடு. மற்றது ஆர்டர் தாள். வி-லுக்அப் நான்கு விவரங்களைக் கேட்கும்: எதைத் தேடுவது, எந்தப் பட்டியலில், எத்தனையாவது நெடுவரிசையை எடுப்பது, அப்படியே பொருந்த வேண்டுமா அல்லது கிட்டத்தட்ட இருந்தால் போதுமா.

வம்பு நான்காவதில் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் 'கிட்டத்தட்ட போதும்' என்றே எக்செல் எடுத்துக்கொள்ளும். குறியீடுகள் ஏறுவரிசையில் இருப்பதாக நம்பித் தேடும். வரிசை கலைந்திருந்தால் வேறொரு சரக்கின் விலையைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைக்கும். பிழைச்செய்தி கண்ணில் படும், தப்பான விலை படாது. அதனால் ஆர்டர் தாளில் நான்காவது இடத்தில் 'ஃபால்ஸ்' (அப்படியே பொருந்த வேண்டும்) கட்டாயம். அளவுத் தள்ளுபடிக்கு மட்டும் கிட்டத்தட்டப் பொருத்தமே சரி: 0, 50, 100, 500 என்று படி வைத்தால் 70 உருப்படி 50-இன் வரியில் போய் விழும்.

ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது பட்டியலின் எல்லையும் கூடவே இறங்கி, மேலேயுள்ள சரக்குகள் விடுபடும். எஃப் 4 விசையை அழுத்தி டாலர் குறி போட்டால் எல்லை நகராது.

குறியீடு பட்டியலில் தெரியும், ஆனால் கிடைக்கவில்லை என்று '#என்/ஏ' வரும். பெரும்பாலும் ஒரு தாளில் அது எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் பதிந்திருக்கும். அல்லது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும். இடைவெளியை 'ட்ரிம்' நீக்கும். 00125 என்று தட்டினால் 125 ஆகிவிடும் என்பதால், தட்டும் முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட வேண்டும். இஃப்எரர் போட்டுப் பிழையை வெற்றிடமாக்குவது பலருடைய பழக்கம். தாள் அழகாகத் தெரியும், விலை விழாத வரி மொத்தத்தில் சேராமல் போகும்.

ஒரே குறியீடு இருமுறை இருந்தால் மேலே உள்ளதே வரும். பழைய விலை மேலே இருந்தால் பழைய விலைதான்.

மைக்ரோசாஃப்ட் 2019இல் அறிவித்த எக்ஸ்-லுக்அப் சில தொல்லைகளைத் தீர்த்தது. தேடும் நெடுவரிசையையும் எடுக்கும் நெடுவரிசையையும் தனித்தனியாகக் காட்டுவதால், நடுவில் புதிதாக ஒன்றைச் செருகினாலும் கணக்குப் பிசகாது. குறியீட்டுக்கு இடப்புறம் உள்ளதையும் எடுக்கும். சொல்லாமலே அப்படியே பொருந்துவதைத் தேடும். எக்செல் 2021இலும் 365இலும் இது உண்டு. பழைய பதிப்புகளில் இண்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் சேர்த்து இதே வேலையை வாங்கலாம்.

எந்த ஃபார்முலாவானாலும், விலைப்பட்டியல் திருத்தப்பட்டால் முடிந்துபோன ஆர்டர்களும் மாறிவிடும். 120 ரூபாய்க்கு பில் போட்ட சரக்கு தாளில் 135 என்று காட்டும். ஆகவே ஆர்டர் உறுதியானதும் விலை, ஜி.எஸ்.டி. நெடுவரிசைகளைக் காப்பி செய்து, 'பேஸ்ட் வேல்யூஸ்' மூலம் அதே இடத்தில் வெறும் எண்களாக ஒட்டிவிட வேண்டும். சரக்கின் பெயர் ஃபார்முலாவாகவே இருந்தாலும் பாதகமில்லை.