வாடிக்கையாளர் விவரமும் வணிகர் பொறுப்பும்

சிட்டையும் பேரேடும் இருந்த காலத்தில், ஒருவருடைய பற்று வரவை இன்னொருவருக்குக் காட்டும் வழக்கம் நம் கடைகளில் இல்லை. கீழமாசி வீதிக்குச் சரக்கு எடுக்க வரும் உசிலம்பட்டிக் கடைக்காரருக்கு, பக்கத்தில் நிற்கும் மேலூர்க் கடைக்காரரின் பாக்கி எவ்வளவு என்று தெரியாது. கணக்குப்பிள்ளை பேரேட்டை மூடி வைத்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் பேசுவார். இதை வியாபார நாணயம் என்றோம்.

இன்று அந்தப் பேரேடு கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் வந்துவிட்டது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, செல்போன் எண், ஆதார் நகல், பாக்கித் தொகை எல்லாம் ஒரு நொடியில் பல நூறு பேருக்குப் போய்விடும். ஆகவே நாணயத்தோடு சட்டமும் சேர்ந்து கொண்டிருக்கிறது. அது நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதை உறுப்பினர்கள் அறிந்திருப்பது அவசியம்.

சட்டம் வந்த வழி

ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன் தொடர்ச்சியாக 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. வணிகர்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்று அந்த விதிகள் கூறுகின்றன.

யாருக்குப் பொருந்தும்?

காகிதப் பேரேட்டில் மட்டும் இருக்கும் கணக்குக்கு இச்சட்டம் பொருந்தாது. அதே கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் பொருந்தும். வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அனுப்புவதற்காக நம் செல்போனில் வைத்திருக்கும் உறவினர் எண்களைச் சட்டம் தொடாது. கடைக்காக வைத்திருக்கும் எண்கள் சட்டத்துக்குள் வரும்.

"நம்முடையது சின்னக் கடைதானே" என்று இருந்துவிட முடியாது. சில வகையினருக்குச் சில பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அறிவிக்கலாம் என்றுதான் சட்டத்தில் உள்ளது. சிறு வணிகர் என்பதாலேயே தானாக விலக்கு கிடைத்துவிடாது.

கொடுத்த காரணத்துக்கு மட்டும்

சட்டத்தின் சாரம் இதுதான்: ஒருவர் எந்தக் காரியத்துக்காக விவரம் கொடுத்தாரோ அந்தக் காரியத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். சட்டத்திலேயே ஒரு மருந்துக் கடை உதாரணம் தரப்பட்டுள்ளது. மருந்து வாங்கியவர் தாமாகவே எண்ணைக் கொடுத்து, ரசீதைச் செல்போனுக்கு அனுப்பச் சொல்கிறார். கடைக்காரர் ரசீது அனுப்ப அந்த எண்ணைப் பயன்படுத்தலாம். அதே எண்ணுக்குத் தீபாவளித் தள்ளுபடி விளம்பரம் அனுப்புவதென்றால் தனியாகச் சம்மதம் பெற வேண்டும். கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு.

செல்போன் எண் கொடுத்தால்தான் பில் என்று சில கடைகளில் வற்புறுத்துகிறார்கள். இப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே அறிவுறுத்தியது. ஜி.எஸ்.டி. விதிகளிலும், பதிவு பெறாத வாடிக்கையாளருக்கு 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட பில்லில் பெயரும் முகவரியும் எழுத வேண்டும் என்று உள்ளதே தவிர, செல்போன் எண் கேட்கப்படவில்லை.

பாக்கிப் பட்டியல்

நமக்கு மிகவும் நெருக்கமான விஷயம் இதுதான். சரக்கை வாங்கிக்கொண்டு பணம் கட்டாதவர்களின் பெயர், போட்டோ, செல்போன் எண், சில சமயம் ஆதார் நகலைக்கூட வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, "இவருக்குச் சரக்குக் கொடுக்காதீர்கள்" என்று எழுதுகிறார்கள். பணத்தை இழந்தவரின் வேதனை நமக்குப் புரியாததல்ல. ஒரு லாரி சரக்குக்குப் பணம் வராமல் போனால் மூன்று மாத உழைப்பு போயிற்று.

ஆனாலும் சற்று யோசிக்க வேண்டும். ஒரு சிறு கடைக்காரர் 40,000 ரூபாய் பாக்கி வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் வைத்தியச் செலவு. இரண்டு மாதம் தாமதமாக முழுவதையும் கட்டிவிடுகிறார். நம் பேரேட்டில் கணக்கு நேராகிவிடும். குழுவில் போட்ட படமோ ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருக்கும். வேறு யாரும் அவருக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுக்க மாட்டார்கள். அவர் கடை நொடித்தால் நமக்கும் ஒரு வாடிக்கையாளர் குறைவு.

நிதி நிறுவனங்களில் கடன் வாங்கித் தவறியவர்களின் சொத்து விவரத்தை அறிவதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அது நிதி நிறுவனக் கடனுக்கு மட்டுமே. நாம் கொடுக்கும் சரக்குக் கடனுக்கு அல்ல. ஆனால் சட்டப்படியான உரிமையை நிலைநாட்டுவதற்கு விலக்கு உண்டு. பாக்கிதாரரின் விவரங்களை வக்கீலிடம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பலாம், வழக்கும் போடலாம். விற்ற சரக்கின் விலைக்குப் பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சங்கக் கையேடு

உறுப்பினர் விவரக் கையேட்டுக்கும் இதே நியாயம்தான். கடையின் பெயர், தெரு, தொழில் இவை எல்லோருக்கும் தெரிந்தவை. உரிமையாளரின் சொந்தச் செல்போன் எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி, குடும்பத்தார் பெயர் ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுற்றுக்கு விடுவதற்கு முன் அவரைக் கேட்டுக்கொள்வது முறை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயம்.

செய்ய வேண்டியவை

1. தேவைப்படும் விவரத்தை மட்டும் கேளுங்கள். எதற்கு என்பதைத் தமிழில் எளிமையாக எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் 8-வது அட்டவணையில் உள்ள மொழிகளிலோ அறிவிப்பைப் பெற வாடிக்கையாளருக்கு வழி இருக்க வேண்டும்.

2. ஆதார் நகல்களைச் செல்போனில் சேர்த்து வைக்காதீர்கள்.

3. பில் போடும் கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் வையுங்கள். வேலையை விட்டுப் போகும் ஊழியரின் செல்போனில் நம் வாடிக்கையாளர் பட்டியல் இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். பழைய கம்ப்யூட்டரை விற்குமுன் விவரங்களை அழியுங்கள்.

4. ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். தேவை முடிந்து, சட்டம் சொல்லும் காலமும் கடந்த விவரங்களை நீக்கிவிடுங்கள்.

5. விவரம் வெளியே கசிந்துவிட்டால் மறைக்காதீர்கள். கடமைகள் நடைமுறைக்கு வந்தபின், பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும்.

பாதுகாப்புக் குறைவுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இது உச்சவரம்பு. தவறின் தன்மையையும் அளவையும் பார்த்தே வாரியம் தொகையை முடிவு செய்யும். ஆகவே வீண் பீதி வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

பிறர் நம்மிடம் ஒப்படைத்த சரக்கைக் குடோனில் பூட்டி வைக்கிறோம். ஒப்படைத்த பெயருக்கும் எண்ணுக்கும் அதே பூட்டைப் போடுவோம்.