அலமாரிக்கும் மரை கழலும்!

ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் கோவையில் வீடு மாற்றும் சீசன்தான். கட்டில், புத்தக அலமாரி, கம்ப்யூட்டர் மேஜை எல்லாவற்றையும் கழற்றி, குட்டியானையில் ஏற்றி, புது வீட்டில் மறுபடி மாட்டுவோம். பழைய வீட்டில் அசையாமல் நின்ற அலமாரி, இங்கே தொட்டாலே ஆடும். பலகை அதேதான். ஸ்க்ரூவும் அதேதான். உள்ளே இருக்கும் மரைதான் போயிருக்கும்!

தானே மரை போடும் ஸ்க்ரூ

பீளமேடு, கணபதி பக்கம் லேத் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு ‘டேப்’ தெரியும். துளைக்குள் மரை வெட்டும் கருவி. அந்த வேலையைத் தானே செய்துகொள்வதால்தான் இதற்கு ‘செல்ஃப் டேப்பிங்’ ஸ்க்ரூ என்று பெயர். நட்டு தேவையில்லை. உள்ளே இறங்கும்போதே தனக்கான மரையை வெட்டிக்கொள்ளும். கூரை ஷீட்டில் அடிக்கும் ‘செல்ஃப் டிரில்லிங்’ ஸ்க்ரூ வேறு ரகம். அதன் முனையே டிரில் பிட் போல இருக்கும். துளையையும் அதுவே போட்டுக்கொள்ளும்.

இப்போது வரும் பல அலமாரிகள் பார்ட்டிகிள் போர்டில் செய்தவை. மரத்தூளையும் சில்லுகளையும் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை அது. தேக்கில் இருக்கும் நார்ப்பிடிப்பு இதில் இல்லை. மரை ஒரு முறை நொறுங்கினால் தூளாகக் கொட்டிவிடும். அதனால்...

* புதுத் துளை போடுவதென்றால், ஸ்க்ரூவின் மரையை விட்டுவிட்டு நடுத்தண்டின் தடிமனை மட்டும் பார்த்து பிட் எடுங்கள்.

* 18 மி.மீ. பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இணைக்க 30 மி.மீ. ஸ்க்ரூ போதும். 40 மி.மீ. போட்டால் மறுபக்கம் எட்டிப் பார்க்கும்.

* ஸ்க்ரூவின் தலையில் கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரிகிறதா? அது ‘போஸிடிரைவ்’. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் வழுக்கும். அதற்கேற்ற பிட்டைக் கேட்டு வாங்குங்கள்.

* டிரில் மெஷினில் இறக்கினாலும் கடைசிச் சுற்றுகளைக் கையாலேயே முறுக்குங்கள். தலை பலகையோடு படிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

* கழற்றியதை மறுபடி மாட்டும்போது, முதலில் ஸ்க்ரூவை இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ‘டக்’கென்று ஓரிடத்தில் இறங்கும். அதுதான் பழைய மரை. அங்கிருந்து வலப்பக்கம் முறுக்கினால் புதிதாக வெட்டாமல் பழைய தடத்திலேயே போகும்.

மரை போய்விட்டதா?

மருந்தைக் கிள்ளிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துத் துளையில் நெருக்கமாகச் செருகுங்கள். ஒரு நாள் காயட்டும். வெளியே நீட்டியிருப்பதை நறுக்கிவிட்டு, நடுவில் சின்னத் துளை போட்டு மாட்டுங்கள். தடித்த ஸ்க்ரூவைத் திணித்தால் ஓரப் பலகை பிளந்துவிடும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு வேலையும் உண்டு. டிராயர் பெட்டிகள் சாய்ந்து குழந்தைகள் உயிரிழந்ததால், 2016 ஜூனில் அமெரிக்காவில் சுமார் 2.9 கோடி பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக ஐகியா அறிவித்தது. டிராயர்களை இழுத்துப் படிக்கட்டு போல ஏறுவது எல்லா ஊர்க் குழந்தைகளுக்கும் பழக்கம்தானே! உயரமான அலமாரியை ‘எல்’ பட்டையால் சுவரோடு பிணையுங்கள். சுவரில் பிளாஸ்டிக் பிளக், பலகையில் நல்ல மரை... இரண்டும் பிடித்திருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்த பிறகு சாமான்களை அடுக்குங்க!