தண்ணீர் திறந்தாயிற்றா?

வயலை விட்டு வந்தவர்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்து வயல்வெளியிலே, கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் எந்த நாளில் எந்த வாய்க்காலை எட்டும் என்று கணக்கிட்டே நூறு போகங்களுக்கு மேல் கண்ட ஒரு கமக்காரர், மனைவி காலமாகி, மக்கள் கனடாவிலும் கொழும்பிலுமாகச் சிதறிய பின்னர், வயோதிபர் இல்லம் ஒன்றில் வந்து சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வேளைக்கு உணவுண்டு, சுத்தமான கட்டிலுண்டு, பிணிக்கு மருந்துண்டு. ஆயினும் சித்திரை கழிந்த ஒரு காலையில் அவர் பராமரிப்பாளரைப் பார்த்து, "தம்பி, தண்ணி திறந்தாச்சா?" என்று வினவுகிறார். குளியலறைக் குழாயைத் திறந்து காட்டிவிட்டுத் திரும்பும் அந்த இளைஞன், பெரியவருக்கு மாறாட்டம் தொடங்கிவிட்டதென்று தாதியிடம் சொல்கிறான். உண்மையில் அது சிறுபோகத்துக்கு நீர் விடும் காலம். பெரியவரின் கணக்கு சற்றும் பிசகவில்லை.

இல்லத்தில் சேரும்போது நிரப்பப்படும் படிவங்களில் நோய், சமயம், உறவினர் விலாசம் எல்லாவற்றுக்கும் இடமிருக்கும். இவர் எதில் வல்லவர், ஊரார் இவரிடம் எதைக் கேட்டு வந்தனர் என்பதற்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட இராது. வயோதிகத்தில் மனம் தளர்வதற்குத் தனிமை காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஐம்பது பேர் நடுவே இருந்துகொண்டும் ஒருவராலும் எதுவும் கேட்கப்படாதிருத்தல் அதனினும் கொடிய ஏகாந்தம் என்பது என் அபிப்பிராயம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கையில் நூற்றுக்குப் 12 பேருக்கு மேல் 60 வயதை அடைந்தவர்களாயிருந்தனர்; அத்தொகை வளர்ந்துகொண்டே செல்கிறது.

உடம்பின் வாயிலாகப் பேசும் மனம்

நம் மூத்தோர் "எனக்கு மனச்சோர்வு" என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். கைகால் உளைவு, நெஞ்சடைப்பு, வயிற்றெரிவு, நித்திரையின்மை என்று உடம்பின்மேல் ஏற்றியே சொல்வார்கள். சற்று நெருங்கிக் கேட்டால், "ஒரே யோசனையாக் கிடக்கு" என்பார்கள். அந்த யோசனை என்னும் சொல்லைக் கேட்டவுடன் பராமரிப்பவர் செவி கூர்மையடைதல் வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாக முகம் வாடி, உணவில் நாட்டமின்றி, விடியுமுன்னரே விழித்து, முன்பு விரும்பிய பூசைக்கும் சம்பாஷணைக்கும் வராமல் ஒருவர் ஒதுங்குவாராயின், அதனை வயதின் சுபாவம் என்று தள்ளிவிடலாகாது. அது சிகிச்சையால் தணியும் நோய். ஆம், இல்லை என்று விடை சொல்லத்தக்க 15 வினாக்கள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல் ஒன்று வைத்தியர்களிடத்தில் உண்டு. ஐயம் எழுமிடத்தில் அதனைப் பயன்படுத்தச் சொல்லலாம்.

அந்த யோசனைக்குப் பின்னே பழைய காயங்களும் இருக்கலாம். திருகோணமலைப் பகுதியின் முதியோர் போரையும் இடப்பெயர்வையும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளையும் கண்டவர்கள். போர் தனிமனிதரை மட்டுமன்றிச் சமூகத்தையே காயப்படுத்துகிறதென்று எழுதிய மனநல வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம், மருந்தோடு மக்களின் சடங்குகளும் வழிபாடுகளும் ஆற்றுதலுக்கு உதவும் என்பதையும் வலியுறுத்தினார்.

மறதியெல்லாம் மாறாட்டமன்று

நேற்றுவரை தெளிவாயிருந்தவர் இன்று திடீரென்று ஆளறியாமல் பிதற்றினால், அது மறதிநோய் என்று காத்திராமல் உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைதல், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவை முதியவரின் அறிவை ஓரிரு நாளில் கலக்கிவிட வல்லவை. மறதிநோயோ மாதக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வருவது. தைரோயிட் குறைபாடும் பி12 உயிர்ச்சத்துக் குறைபாடும் சோர்வாகவும் மறதியாகவும் வேடமிட்டு வரும். இவை இரத்தப் பரிசோதனையில் அகப்பட்டுவிடும். காது மந்தமானவரும் கண்ணில் புரை விழுந்தவரும் பேச்சிலிருந்து மெல்ல விலகுவதைப் பிடிவாதம் என்று கருதும் பிழையும் எங்கும் நடக்கிறது.

இல்லத்துக்குள் ஒரு தொழும்பு

17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த பின்னர் தம்பலகாமத்தில் எழுந்த ஆதிகோணநாயகர் ஆலயத்தில், இன்னார்க்கு இன்ன தொழும்பு, அதாவது கோயிற்பணி, என்னும் பழைய முறைமை வழங்கிவந்தது. கோணேசர் கல்வெட்டு என்னும் நூலே தானத்தார், வரிப்பத்தார் முதலிய தொழும்பாளரின் கடமைகளை வகுத்துரைக்கிறது. சாதியும் குடியும் பற்றிய அம்முறையின் குறைகளை நான் மறைக்க வரவில்லை. ஆனால் தலை நரைத்தவருக்கும் தமக்குரியதென ஒரு காரியம் இருந்தது என்பதை இல்லம் நடத்துவோர் எண்ணிப்பார்க்கலாம்.

அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டில் லாங்கர், ரோடின் என்னும் இரு உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், முதியோர் இல்லத்தின் ஒரு பகுதியினருக்குச் சிறு தீர்மானங்களும் தாமே பேண ஒரு செடியும் கொடுக்கப்பட்டன. எல்லாம் பிறரால் செய்து கொடுக்கப்பட்டவரைக் காட்டிலும் இவர்கள் உற்சாகமும் சுறுசுறுப்பும் மிக்கவர்களாயினர். குளிக்கும் நேரம், சாமிப்படம் மாட்டுமிடம், அலுமாரித் திறப்பு ஆகியவற்றை அவரவர் வசமே விடுவதற்குப் பணம் வேண்டியதில்லை. பூமாலை கட்ட ஒருவர், கீரைப்பாத்திக்கு ஒருவர் என்று பொறுப்பளிக்கலாம். 1986ஆம் ஆண்டு ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததையோ, தம்பலகாமக் குடாவின் முத்துச்சிப்பிகளையோ பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்யலாம். பழைய ஞாபகங்களைச் சொல்லிச் சொல்லி ஒழுங்குபடுத்துவது முதுமையின் இயல்பான பணி என்று வைத்தியர் ரொபர்ட் பட்லர் 1963இலேயே எழுதினார். எனினும் இழப்பைச் சொல்ல விரும்பாதவரிடம் போர்க்காலத்தை வலிந்து கிளறுதல் தகாது.

உதவி கிடைக்குமிடம்

அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். மனச்சோர்வுக்கான மருந்து பலன் தரச் சில வாரங்கள் செல்லும். இடையில் தாமாக நிறுத்தலாகாது. வாழ்வே வேண்டாமென்று ஒருவர் சொன்னால் அதை வெறும் பேச்சென்று கொள்ளாமல், அவரைத் தனியே விடாமல், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

தூரதேசத்து மக்களுக்கும் ஒரு வார்த்தை. "மருந்து போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டால் அழைப்பு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். "அப்பா, மேட்டு வயலைக் குத்தகைக்குக் கேக்கிறாங்க, குடுக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்லுமுன் பெரியவர் உங்களைத் திருப்பிக் கேட்பது, தண்ணீர் திறந்தாயிற்றா என்பதாகவே இருக்கும்.